நிறை குறைப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு தராசு நின்றுவிட்டால் என்ன செய்வது: மட்டக்களப்பில் இருந்து ஒரு வழிகாட்டி

எனக்கு ஸ்லீவ் என்ற வயிறு சுருக்கும் ஒப்பரேஷன் கொழும்பில் நடந்தது. அன்று என் நிறை 118 கிலோ. முதல் இரண்டு வாரத்தில் 7 கிலோ இறங்கியது. மூன்றாவது வாரம் தராசு 111இல் நின்றது. பன்னிரண்டு நாள் அதே 111. பன்னிரண்டாம் நாள் காலை, கல்லடியில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில், தராசை விட்டு இறங்காமலே அழுதேன். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்த பிறகும் உடம்பு கேட்கவில்லை என்றால் இனி எதற்குக் கேட்கும் என்று நினைத்தேன். பார்க்க வந்த மாமி வேறு, "என்னகா, இவ்வளவு காசு செலவழிச்சும் அப்படியே இருக்கிறாயே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். இரண்டு கப் சூப், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தேன். எனக்குத் தந்த அறிவுரைத் தாளில் நிறை இடையில் நிற்கும் என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த ஐந்து நாளும் நடந்திருக்காது. பிறகு ஆறாம் மாதத்தில் இன்னொரு முறை, ஏழு வாரம் நின்றது. இந்த இரண்டிலும் பட்டதையும், டொக்டர்களிடமும் டயட்டிஷன் மிஸ்ஸிடமும் கேட்டு அறிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் சேர்ஜன் இதற்கு மாறாக எதுவும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும்.

1. உங்களுடையது எந்த வகை நிற்பு?

இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே வைத்தியம் பார்ப்பதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள்.

முதல் வகை இரண்டாம் வாரத்துக்கும் ஐந்தாம் வாரத்துக்கும் இடையில் வரும். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்து இருக்கிறது. எல்லாம் சேர்த்து அரைக் கிலோ அளவில் வரும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒப்பரேஷன் முடிந்து வெறும் நீராகாரத்தில் இருக்கும் நாட்களில் உடம்பு முதலில் இதைத்தான் எரிக்கிறது. கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறுவதால் நிறை மளமளவென்று இறங்குகிறது. கூழ், மசித்த சாப்பாடு என்று மாறும்போது சேமிப்பில் ஒரு பங்கு திரும்ப நிரம்பும், தண்ணீரும் திரும்ப வரும். அதே நேரத்தில் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். கொழுப்பு போன இடத்தைத் தண்ணீர் ஈடுகட்டுவதால் தராசு அசையாது. இது ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே உடையும். செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

இரண்டாவது வகை ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு வருவது. 25 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்து நடப்பவருக்கும் அதை இறக்கி வைத்துவிட்டு நடப்பவருக்கும் ஒரே அளவு சக்தி தேவைப்படுமா? நிறை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைகிறது. அதோடு உடம்பு தன் செலவைத் தானாகவே இன்னும் கொஞ்சம் சுருக்கியும் கொள்கிறது. நான்கு வாரத்துக்கு மேல் நிறையும் மாறவில்லை, உடம்பு அளவும் மாறவில்லை என்றால்தான் இதை உண்மையான நிற்பு என்று எடுக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இதற்குத்தான்.

ஒன்றரை வருடம் கடந்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒப்பரேஷனால் வரும் இறக்கத்தில் பெரும்பகுதி 12 முதல் 18 மாதத்துக்குள் முடிந்துவிடும். ஸ்லீவ் செய்தவர்கள் தொடக்க நிறையில் சராசரியாகக் கால் பங்கும், பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் ஒப்பரேஷன்) செய்தவர்கள் அதைவிடச் சற்றுக் கூடவும் இழக்கிறார்கள். 120 கிலோவில் தொடங்கியவர் 90இல் நிற்கிறார் என்றால், அவர் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாகவும் இருக்கலாம்.

2. தராசு ஒன்று, தையல் நாடா ஒன்று

வாரத்தில் ஒரு நாள் மட்டும் நிறை பாருங்கள். அதே தராசு, அதே நேரம்: காலையில் கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, எதுவும் குடிக்குமுன். வீட்டுத் தராசில் ஒரு எண்ணும், கிளினிக்கில் இன்னொன்றும், பாமசி வாசலில் மூன்றாவதும் பார்த்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிச்சம். தராசைச் சீமெந்துத் தரையில் வையுங்கள். பாயின் மேலோ காலடி விரிப்பின் மேலோ வைத்தால் தவறாகக் காட்டும்.

தையல் நாடாவால் இடுப்பு, தொப்புள் மட்டத்தில் வயிறு, தொடை, மேற்கை, கழுத்து ஆகிய ஐந்து இடங்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். என் முதல் நிற்பில் 111 அசையாத அந்த நாட்களில் வயிற்று அளவு 4 சென்றிமீற்றர் குறைந்திருந்தது. ஒப்பரேஷனுக்கு முன் அளந்து வைத்திராததால் அது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது, சட்டை தைக்கும் அக்காவின் பழைய கொப்பியைப் பார்த்து. நீங்கள் இன்றைக்கே அளந்து வையுங்கள்.

பெண்கள் மாதவிடாய்க்கு முந்திய வாரத்து நிறையை அதே வாரத்து நிறையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த நாட்களில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் தங்கும். மலச்சிக்கலும் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

3. காத்திருக்கும் நாட்களில் செய்யக் கூடாதவை

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். நான் விழுந்தது அப்படித்தான். ஏற்கெனவே ஒரு நாளைக்கு 600, 800 கலோரியில் ஓடும் உடம்பிடம் இன்னும் வெட்டினால், கொழுப்போடு தசையும் கரையும். தசை குறைந்தால் உடம்பு எரிக்கும் அளவும் குறையும், அடுத்த நிற்பு இன்னும் நீளும்.

மெலிவுத் தேத்தண்ணி, பேதி மாத்திரை, தண்ணீர் இறக்கும் மாத்திரை எதையும் தொடாதீர்கள். எனக்கும் தெரிந்தவர் ஒருவர் பெயர் ஒட்டாத போத்தலில் கசாயம் கொண்டுவந்து தந்தார். இரண்டு நாள் வயிற்றால் போனது. தராசு ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டியது, நான்காம் நாள் அது அப்படியே திரும்பி வந்தது. போனது தண்ணீர் மட்டும்தான்.

கூடவே ஒப்பரேஷன் செய்த ஒருவரோடு உங்கள் எண்ணை ஒப்பிடவும் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, தொடக்க நிறை, சீனி வருத்தம், ஸ்லீவா பைபாஸா என்று எல்லாம் வேறு வேறு.

4. ஏழு நாள் கொப்பி

நான்கு வாரம் தாண்டியும் அளவு மாறவில்லையா? சரி, இப்போது ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். வாய்க்குள் போவது எல்லாவற்றையும் ஏழு நாள் எழுதுங்கள், ருசி பார்க்க நக்கிய கரண்டி உட்பட. எதையும் மாற்றாமல் வழக்கம் போலவே சாப்பிட்டு எழுத வேண்டும். ஆறாம் மாத நிற்பில் நான் எழுதிய ஒரு சனிக்கிழமை இது:

காலை 6.00: பால் தேத்தண்ணி, சீனி 2 கரண்டி. 8.00: புட்டு அரைக் கைப்பிடி, சொதி. 10.00: பால் தேத்தண்ணி, கிறீம் கிறேக்கர் 3. 1.00: சோறு 3 மேசைக் கரண்டி, மீன் சிறு துண்டு, கறிப் பால். 3.30: பால் தேத்தண்ணி, கஜு பத்துப் பதினைந்து. 6.30: பிள்ளை மிச்சம் வைத்த பணிஸ் பாதி, தேத்தண்ணி. 8.30: இடியப்பம் 2, சொதி.

எழுதுமுன் யாராவது கேட்டிருந்தால் "நான் குருவி மாதிரித்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லியிருப்பேன். ஒவ்வொரு வேளையும் உண்மையிலேயே குருவி அளவுதான். ஆனால் சீனியும் முழு ஆடைப் பால்மாவும் போட்ட தேத்தண்ணி ஒரு கப் ஏறக்குறைய 80 கலோரி. நான்கு கப் 320. கஜு பதினைந்து, பருப்பின் அளவைப் பொறுத்து, 100க்கு மேல். நாள் முழுவதற்குமான புரதத்தைக் கூட்டினால் 30 கிராமைத் தாண்டவில்லை.

கொப்பியில் மூன்று விஷயங்களுக்கு வட்டம் போடுங்கள்.

முதலாவது, குடிக்கும் கலோரி: பால் தேத்தண்ணி, டின்பால், சோடா, பழச்சாறு, மோல்ட் பானங்கள். சுருங்கிய வயிறு திரவத்தைத் தடுப்பதில்லை. இளநீரும் கணக்கில் சேரும். நல்லதுதான், ஆனால் தண்ணீருக்குப் பதிலாக நாளுக்கு மூன்று குடிக்கக் கூடாது.

இரண்டாவது, வழுக்கி இறங்கும் சாப்பாடு: பிஸ்கட், முறுக்கு, மிக்சர், றஸ்க், தேத்தண்ணியில் தோய்த்த பணிஸ். வாயிலேயே கூழாகி வயிற்றில் தங்காமல் போய்விடும். மீன் துண்டு ஒன்றில் நிறையும் வயிறு முறுக்கில் நிறையாது.

மூன்றாவது தேங்காய். புட்டில் பூ, சொதியில் பால், கறியில் முதற்பால், சம்பல் என்று நம் வீட்டில் ஒரே வேளையில் நான்கு வழியாக வரும். தேங்காயை விடச் சொல்லவில்லை, விடவும் முடியாது. முதற்பாலை நிறுத்தி இரண்டாம் பாலில் சொதி வைத்தேன். சம்பல் ஒரு தேக்கரண்டி. எனக்கு அது போதுமாக இருந்தது.

தயிரில் ஒரு பொறி உண்டு. எருமைத் தயிர் நமக்கு நல்லது, இனிப்புப் பாணி ஊற்றாத வரைக்கும்.

5. புரதம் ஒரு நாளைக்கு 60 கிராம்

60 முதல் 80 கிராம் வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இதற்குப் பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் கட்டாயம் என்று நினைத்து நான் ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டுக் கணக்கில் அந்தக் காசு இரண்டு வாரத்து மீனுக்கும் முட்டைக்கும் போதும். முதல் ஒன்றிரண்டு மாதம், கடினமானது எதுவும் இறங்காதபோது, பவுடர் உதவும். அதன் பிறகு வாவியும் கடலும் இருக்கும் ஊரில் அது தேவையில்லை என்பது என் கருத்து.

இப்போது என் ஒரு நாள்: காலை அவித்த முட்டை 2 (12 கிராம்). பத்து மணிக்குத் தயிர் 150 கிராம் (6). மதியம் முள் எடுத்த மீன் 75 கிராம் (16), பருப்பு மூன்று மேசைக் கரண்டி (4). நாலு மணிக்கு ஆடை நீக்கிய பால் ஒரு கப் (7). இரவு இறால் அல்லது கோழி 75 கிராம் (18). கூட்டினால் 63. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு சோயாமீட், கடலை, பயறு, பருப்பு, தயிர் எல்லாம் சேர்த்தால்தான் 60ஐ எட்டலாம். அவர்களுக்குப் பவுடர் உண்மையிலேயே உதவக்கூடும்.

சாப்பிடும் வரிசை முக்கியம். முதலில் மீன் அல்லது முட்டை, அடுத்தது மரக்கறி, இடம் இருந்தால் கடைசியாகச் சோறு. சோற்றில் தொடங்கினால் மீனுக்கு இடம் இருக்காது. சூடு காட்டிய கோழி காய்ந்து தொண்டைக்குக் கீழே சிக்கும். குழம்போடு சாப்பிடுங்கள். எனக்கு மிகச் சுலபமாக இறங்கியது சுறா வறை, தேங்காய்ப்பூ குறைத்துப் போட்டது.

விரதம் பிடிப்பவர்களும் நோன்பு நோற்பவர்களும் முதல் வருடத்தில் சேர்ஜனிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். தண்ணீர், புரதம் இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்துவிடும்.

6. தண்ணீர்

ஒன்றரை முதல் இரண்டு லீற்றர், மிடறு மிடறாக. சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த அளவும் போதாது. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் அதுதான் அறிகுறி. தாகத்தைப் பசி என்று எடுத்துப் பிஸ்கட் பக்கம் கை போவது எனக்கு வெயில் நாட்களில்தான் நடந்தது.

7. மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள்

இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். இன்சுலின், கிளிக்கிளசைட் போன்ற சீனி மருந்துகள், ஸ்டீரொயிட், மனநல மருந்துகளில் சில, மனச்சோர்வுக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் அமிற்றிப்டிலின், வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரோவேற் எல்லாம் நிறை இறங்குவதை இழுத்துப் பிடிக்கக்கூடியவை. சீனி மருந்தில் இன்னொரு ஆபத்து உண்டு. நிறை குறையக் குறைய மருந்தின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டால் சீனி இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், உடனே இனிப்புச் சாப்பிட வேண்டி வரும். இப்படித் தினமும் நடந்தால் நிறை எப்படி இறங்கும்? நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பட்டியலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், "ஒப்பரேஷனுக்குப் பிறகு இந்த அளவு சரியா?" என்று கேளுங்கள்.

மூட்டு நோவுக்குப் பாமசியில் டைக்ளோஃபெனக், ஐபுபுரொபென் வாங்கிப் போடவே வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு அது வயிற்றில் புண்ணைக் கொண்டுவரலாம். பரசிட்டமோல் போடலாம்.

8. இரத்தப் பரிசோதனை: கடதாசி, செலவு, நாள்

மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் பிறகு வருடம் ஒரு முறையும் இரத்தம் பார்க்க வேண்டும். நிற்பு வந்தால் அதற்கு முன்பே பார்க்கலாம். கேட்க வேண்டியவை: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிற்றின் (இரும்புச் சேமிப்பு), பி12, விற்றமின் டி, கல்சியம், அல்புமின், ஈரல் மற்றும் சிறுநீரகப் பரிசோதனைகள், மூன்று மாதச் சீனி, தைரொயிட்டுக்கு டிஎஸ்எச். இரும்பும் பி12உம் குறைந்தால் களைப்பு, களைப்பினால் நடை நிற்கும். தைரொயிட் குறைந்திருந்தால் நிறை இறங்குவது கடினமாகலாம்.

கொண்டுபோக வேண்டியவை: ஒப்பரேஷன் முடிந்து தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, பழைய ரிப்போட் எல்லாம், மாத்திரை அட்டைகள். டயக்னோசிஸ் கார்டை நாலு பிரதி எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் போனால் வயிற்றில் என்ன செய்தார்கள் என்று நீங்கள் வாயால் விளக்கும் நிலை வரும். எனக்கு ஒரு முறை வந்தது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ கிளினிக்கில் இருப்பவர்கள் முதலில் அங்கேயே கேளுங்கள். அரச வைத்தியசாலையில் செய்யும் பரிசோதனைக்குக் காசு இல்லை. அங்கே எழுதித் தருவதை மட்டும் வெளியே செய்தால் செலவு குறையும். எனக்கு பி12, விற்றமின் டி இரண்டும்தான் வெளியே செய்ய வேண்டி வந்தது, செலவில் பெரும்பங்கு அவைதான். மாதிரியை வெளியூருக்கு அனுப்பிச் செய்தார்கள், ரிப்போட் வர ஒரு வாரம் எடுத்தது. ஆகவே கிளினிக் நாளுக்குப் பத்து நாள் முந்தி இரத்தம் கொடுங்கள். "முழு உடல் பெக்கேஜ்" என்று ஒன்றாகக் கட்டி விற்பதை வாங்குமுன் அதில் ஃபெரிற்றினும் பி12உம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய பெக்கேஜில் இரண்டும் இல்லை, திரும்ப ஒரு முறை காசு கட்டினேன்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் இரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முந்தி அதை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். அது தைரொயிட் ரிப்போட்டைப் பிழையாகக் காட்டலாம். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் திரும்ப வளரும்.

விற்றமின் மாத்திரைகளில் இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இடையில் இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். கல்சியத்தில் சிற்றேற் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள், சுருங்கிய வயிற்றுக்கு அதுதான் நன்றாக உறிஞ்சப்படும்.

9. நடை, பாரம், தூக்கம்

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு பழைய கல்லடிப் பாலத்தில் போய்த் திரும்புவேன். வீட்டில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது 10 தடவை, மூன்று சுற்று. வாரம் மூன்று நாள். பாரம் தூக்கத் தொடங்குமுன் சேர்ஜனின் அனுமதி வேண்டும். தொடங்கிய முதல் இரண்டு வாரம் தசையில் நீர் தங்கி நிறை கொஞ்சம் கூடவும் செய்யும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். என் ஏழு வார நிற்பு, தேத்தண்ணியில் சீனியை நிறுத்தி, புரதத்தைக் கூட்டி, இந்தப் போத்தல் பயிற்சியும் தொடங்கிய 19ஆம் நாள் உடைந்தது. 600 கிராம்தான். போய் மாமிக்குச் சொன்னேன்.

இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அடுத்த நாள் இனிப்பு ஆசை கூடும். குறட்டை, மூச்சுத் திணறல் இன்னும் இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

10. எப்போது கொழும்புக்குத் திரும்பப் போவது

மேலே உள்ளவற்றை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை, அல்லது கூடத் தொடங்கிவிட்டது, அல்லது முன்பைவிட இரண்டு மடங்கு சாப்பிட முடிகிறது என்றால் சேர்ஜனைப் பார்க்க வேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். இரவு பஸ் ஏறினால் காலையில் இறங்கலாம், தங்கும் செலவு மிச்சம். புறப்படுமுன் அவர் அன்று இருப்பாரா என்று போன் பண்ணி உறுதி செய்யுங்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்யாமல் போய் வெறும் கையோடு வந்தேன். கொப்பியின் ஏழு நாள், நாடா அளவுகள், ரிப்போட், மருந்துப் பட்டியல் நான்கும் கையில் இருந்தால் பத்து நிமிடச் சந்திப்பு உண்மையில் பயன்படும்.

அங்கே நிறை குறைக்கும் ஊசி மருந்து பற்றிப் பேச்சு வரலாம். செமக்ளுடைட் போன்றவை ஒப்பரேஷனுக்குப் பிறகும் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன. டொக்டர் எழுதாமல் யாரிடமும் வாங்கிப் போடாதீர்கள். ஆறாம் மாத நிற்புக்கு இரண்டாவது ஒப்பரேஷன் என்று யாராவது சொன்னால் இன்னொரு சேர்ஜனின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

11. ஒரு நாளும் காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சலோடு வயிற்று நோவு, காரணமில்லாமல் வேகமாக அடிக்கும் நாடி, கறுப்பு மலம், தண்ணீர்கூட இறங்காத வாந்தி. இவை நிற்போடு சேர்ந்து வந்தாலும் தனியே வந்தாலும் கொழும்புக்கு ஓடாமல் முதலில் கிட்டிய பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் தயமின் என்ற பி1 விற்றமின் தீர்ந்துபோயிருக்கலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, மறதி எல்லாம் அதன் அடையாளம். அந்த நிலையில் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். ஆகவே உள்ளே போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "எனக்கு வயிறு சுருக்கும் ஒப்பரேஷன் செய்திருக்கிறது, சேலைன் ஏற்றுமுன் தயமின் தேவையா என்று பாருங்கள்." கூட வருபவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். என் கணவர் டயக்னோசிஸ் கார்ட் பிரதியின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி, மோட்டார் சைக்கிள் புத்தகத்தோடு வைத்திருக்கிறார்.